பழைய வீட்டில் தங்க: கோலகுபு பாருவிலிருந்து கோலசிலாங்கூர் வரை

வட சிலாங்கூரில் பழைய வீட்டில் தங்க நினைப்பவர் முதலில் வரைபடத்தில் சிலாங்கூர் ஆற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரேசர் மலைப்பக்கம் பிறக்கும் இந்த ஆறு கோலகுபு பாருவைத் தொட்டு இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே பெஸ்தாரி ஜெயா வழியாக வளைந்து, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. ஆற்றின் மேல்முனையில் கடைவீடுகள், நடுவில் தோட்டத்து வீடுகள், கடலை ஒட்டிய தாழ்நிலத்தில் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பலகை வீடுகள். இந்த மூன்றும் மூன்று விதமான வாழ்க்கைக்காகக் கட்டப்பட்டவை. அதனால் இடம் பிடிக்கும் முறையும், விருந்தாளியாக நடந்துகொள்ளும் முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

இத்தாலியின் தொஸ்கானாவிலோ புலியாவிலோ இருப்பதுபோல, நூற்றாண்டுகள் கண்ட கல் வீடுகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சதுப்பும் களிமண்ணும் கனமழையும் உள்ள நிலம் இது. மரம், செங்கல், அத்தாப்பு, தகரம் இவற்றால்தான் கட்டினார்கள். மர வீட்டுக்கு ஆயுள் குறைவு. மனிதர் குடியிருந்து கவனித்தால் மட்டுமே நிற்கும். ஆகவே இங்கே நல்ல பழைய வீடு தேடுவது என்றால், அதை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று தேடுவதுதான்.

ஹோம்ஸ்தே என்று எழுதியிருந்தால்

மலேசியாவில் ஹோம்ஸ்தே என்ற பலகை இரண்டு வேறு ஏற்பாடுகளுக்குத் தொங்குகிறது. ஒன்று, சுற்றுலா அமைச்சில் பதிவு பெற்ற கிராமத் திட்டம். 1995இல் பகாங் மாநிலத்தின் டேசா முர்னியில் தொடங்கியது. இதில் நீங்கள் ஒரு குடும்பத்தோடு தங்குவீர்கள். அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுவீர்கள். அந்த ஊரின் ஒருங்கிணைப்பாளர் உங்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார். மற்றொன்று, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் முழு வாடகை வீடு. அது பெரும்பாலும் பத்து இருபது ஆண்டுக்குள் கட்டிய வரிசை வீடாகவே இருக்கும். திருமணத்துக்கு வரும் உறவுக்கூட்டம் தங்க அது வசதி. பழைய வீட்டைத் தேடி வந்தவருக்கு அங்கே ஒன்றும் இல்லை.

தொலைபேசியில் கேட்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர்கள் அதே வீட்டில் இருப்பார்களா? வீடு தூண்மேல் நிற்கும் பலகை வீடா, தரையோடு கட்டிய சிமெண்டு வீடா? குளியலறை உள்ளேயா, வெளியேயா? கடைசிக் கேள்வி வயதானவர்களோடு வருபவர்களுக்கு மிக முக்கியம். பழைய பலகை வீடுகளில் இரவில் எழுந்தால் படியிறங்கிப் பின்கட்டுக்குப் போக வேண்டியிருக்கும். கைப்பிடி இல்லாத படிகளும் உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவர் இதை வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மலேசியக் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லாதவர்கள் விடுதிகளில் அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி கட்ட வேண்டும். அமைச்சில் பதிந்த ஹோம்ஸ்தேகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

கம்பத்து வீடு

தஞ்சோங் காராங்கை அடுத்த சுங்கை சீரே, இன்னும் வடக்கே சுங்கை பெசாரை ஒட்டிய ஹாஜி டோரானி, இவை இரண்டும் இந்தக் கடலோரத்தின் நன்கு தெரிந்த ஹோம்ஸ்தே கிராமங்கள். நெல்வயல்களும் வாய்க்கால்களும் தென்னையும் சூழ்ந்த ஊர்கள். ஜாவாவிலிருந்து வந்து காட்டையும் சதுப்பையும் திருத்தியவர்களின் வழிவந்த குடும்பங்கள் இப்பகுதியில் நிறைய உண்டு. எல்லா வீடும் பழைய வீடு அல்ல. சிலர் முன்கட்டைப் பலகையாகவே விட்டுவிட்டுப் பின்கட்டைச் சிமெண்டில் கட்டியிருப்பார்கள். பலகை வீட்டில்தான் தங்க வேண்டும் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கம்பத்து வீடு காற்றுக்காகக் கட்டிய வீடு. தூண்மேல் உயர்ந்து நிற்பதால் தரைக்கு அடியிலும் காற்று ஓடும். சன்னல்கள் தரையிலிருந்தே தொடங்கும். கூரைக்குக் கீழே செதுக்குப் பலகையில் துவாரங்கள் இருக்கும். பகலில் எல்லாச் சன்னலையும் திறந்து வைத்தால் மின்விசிறிகூடத் தேவைப்படாது. ஆனால் மழை பெய்தால் தகரக்கூரை எழுப்பும் சத்தத்தில் பேச்சு நின்றுவிடும். தொட்டில் குழந்தை உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கொசுவலை கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கம் டெங்கிக் காய்ச்சல் விளையாட்டல்ல.

சாப்பாட்டில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சைவம் என்று சொன்னால் இறைச்சி போட மாட்டார்கள். ஆனால் கீரைக் கறியிலும் சம்பாலிலும் பெலாச்சானும் இக்கான் பிலிஸும் இயல்பாகவே சேர்ந்துவிடும். பெலாச்சான் இறால் சாந்து. இக்கான் பிலிஸ் நெத்திலி. ஆகவே "தக் மாக்கான் டாகிங், தக் மாக்கான் இக்கான், பெலாச்சான் பூன் தக் போலே" என்று முழுதாகச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர் அதை முதல் நாளே சொன்னால் போதும். இங்குள்ள மலாய்க் குடும்பங்களுக்கு அது புதிதல்ல. உங்கள் பக்கக் கடமையும் உண்டு: பன்றி இறைச்சியோ மதுவோ அந்த வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள், செருப்பைப் படியடியில் கழற்றிவிடுங்கள், தொழுகை வேளையில் கூடத்தில் தொலைக்காட்சியைப் போடாதீர்கள்.

இதே கடலோரத்தின் செகிஞ்சான் நெல்வயல்களைப் பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு போகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வயலா, பொன்வயலா, வெறும் சேறா என்பது நீங்கள் வரும் வாரத்தைப் பொறுத்தது. அறை பிடிக்கும்போதே கேட்டுவிடலாம்.

கடைவீடு

ஆற்றின் மேல்முனையில் உள்ள கோலகுபு பாரு ஒரு திட்டமிட்ட ஊர். பழைய கோலகுபுவில் 1883இல் அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. பின்னர் ஈயச் சுரங்க மணல் ஆற்றில் படிந்து வெள்ளம் ஓயாததால், 1920களின் வெள்ளங்களுக்குப் பிறகு ஊரையே மாற்றினார்கள். நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட் புதிய ஊரைத் தோட்ட நகரமாக வரைந்தார். 1930களின் கடைவீடுகள் இன்றும் வரிசை குலையாமல் நிற்கின்றன; சிலவற்றின் மாடி தங்கும் அறைகளாகியிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வரலாம், ஆனால் நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. கடைவீட்டில் தெருப்பக்க அறையில் சத்தமும் பின்பக்க அறையில் புழுக்கமும் இருக்கும்; நடுவில் வானம் பார்த்த முற்றம் உள்ள கட்டடமாகப் பார்த்து எடுப்பது நல்லது. வெளியேறும் வழி ஒரே மாடிப்படி என்றால், தீ எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தோட்டம்

தமிழ் வாசகருக்கு இந்த அத்தியாயத்தில் கனமான பகுதி இதுதான்.

பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார்கள். அதை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆற்றோரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். பிற்காலத்தில் மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. ரப்பரை வெட்டிப் பால் எடுத்த கைகளும், பிறகு செம்பனைக் குலை சுமந்த தோள்களும் பெரும்பாலும் தமிழருடையவை. கோல்ஃபீல்ட்ஸ், ராஜா மூசா, சிலாங்கூர் ரிவர், புக்கிட் ரோத்தான் என்று இந்த வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைச் சொன்னால், கோலாலம்பூரில் பிறந்த பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டியின் ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு பழைய தோட்டத்துக்குள் நுழைந்ததும் தரையின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். மேட்டின் உச்சியில் துரை பங்களா: அகன்ற வராந்தா, ஆழமான இறவாரம், சமையற்கட்டு தனியே. அதற்குக் கீழே சரிவில் கிராணி வீடு: சின்ன முன்திண்ணை, நல்ல பலகைத் தரை, சுற்றி வேலி. இன்னும் கீழே, சமதளத்தில் தொழிலாளர் லயம். தண்ணீர்ப் பீலி, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், கடை எல்லாம் லயத்தைச் சுற்றி. யார் எந்த உயரத்தில் உறங்கினார்கள் என்பது அந்தச் சமூகத்தின் வரிசையை அப்படியே காட்டும். வழிகாட்டி யாரும் இல்லாவிட்டாலும் நிலமே சொல்லிவிடும்.

ஆரம்ப கால லயங்கள் நீண்ட பலகைக் கட்டடங்கள். ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறைகள். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை வைத்தவையும் உண்டு. தூண்மேல் உயர்த்திய லயங்களில் மேலே படுக்கை, கீழே அடுப்பும் விறகும் ஏணையும் கோழியும். அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள பலகை கூரைவரை போகாததால் ஒரு வீட்டுச் சண்டையும் தாலாட்டும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். பிற்பாடு பாதிச் சுவர் செங்கல், மேல்பாதி பலகை என்று இரட்டை வீடுகள் வந்தன. தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1966இல் வந்தது. அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஆகவே இன்று நீங்கள் காணும் தோட்ட வீடுகளில் பல பழைய லயமே அல்ல, அதற்குப் பின் கட்டியவை. தூண்மேல் நிற்கும் அசல் பலகை லயத்தை எங்காவது கண்டால் நின்று பாருங்கள். அது மிக அரிது.

இவற்றில் தங்க முடியுமா? கட்டணம் கட்டித் தங்கும் லயம் என்று உங்களுக்கு நான் பரிந்துரைக்க ஒன்றுமில்லை. தோட்டம் தனியார் நிலம். வீடு நிறுவனத்துடையது, குடியிருப்பவருக்கு வேலை இருக்கும் வரைதான் வீடு. அங்கே இன்று வசிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நம் பாட்டனார் கப்பலில் வந்து அனுபவித்ததை அவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள். அவர்கள் கதவைத் தள்ளிப் பார்ப்பதோ, கொடியில் காயும் துணியைப் படம் பிடிப்பதோ கூடாது. வேலையை முடித்து வந்து படுத்திருக்கும் ஒருவரின் வீட்டு வாசலில் நாம் நிற்கிறோம்.

ஆனால் தங்க ஒரு வழி உண்டு, அது திருவிழா வழி. தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால், பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் திரும்பி வருகின்றன. கரகம், பால்குடம், சில இடங்களில் தீமிதி, அன்னதானம். பணி ஓய்வுக்குப் பிறகும் அருகிலேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர்கள் அந்த நாட்களில் கூடத்தில் பாய் விரித்து எத்தனை பேரையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று தெரிந்தால், அந்தத் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்தைத் தேடிப் பிடியுங்கள். திருவிழா தேதி, தங்க இடம், அனுமதி மூன்றும் அவர்கள் வழியாகவே நடக்கும். வெறுங்கையோடு போக வேண்டாம். அன்னதானத்துக்கு அரிசியோ எண்ணெயோ கொடுப்பது வழக்கம். தங்கும் வீட்டுக்காரர் பணம் வாங்க மறுப்பார். அப்படி மறுத்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவுக்கு என்று கையில் வைத்துவிட்டு வருவது நம் முறை.

திருவிழா அல்லாத நாளில் தோட்டத்தைப் பார்க்க விரும்பினால் தோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். நிர்வாகியின் பெயருக்கு எழுதும் கடிதத்தில் வரும் நாள், ஆட்களின் எண்ணிக்கை, வண்டி எண், அங்கு வாழ்ந்த உங்கள் முன்னோரின் பெயர், அவர் வேலை செய்த ஏறத்தாழ ஆண்டுகள் இவ்வளவும் இருக்கட்டும். பிறந்த ஊரைப் பார்க்க வருகிறோம் என்று சொன்னால் காவல் வாசலில் நடத்தும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லாரி ஓட்டம் குறைவு. ஆனால் அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் கையில் வாங்கிவிடுங்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே நடக்கும்போது முழுக்காலணி போடுங்கள். வெட்டிப் போட்ட மட்டையில் முள் உண்டு, அடியில் பாம்பு இருக்கலாம். அறுவடை நடக்கும் பக்கம் போக வேண்டாம். விழும் குலை ஆளைக் கொல்லும் எடை. அங்கங்கே கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி தெரியும். எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள், அதற்கான கூடு. பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

தோட்டத்துக்குள் தங்க முடியாதவர்கள் கோலசிலாங்கூர் நகரிலோ புக்கிட் ரோத்தானிலோ இரவைக் கழித்துப் பகலில் போய் வரலாம். 2011இல் திறந்த லத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் வரை வந்துவிடுவதால் கோலாலம்பூரிலிருந்து வருவது எளிது. புக்கிட் ரோத்தானில் சக்தி தேவஸ்தானம் இருக்கிறது. கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி ஏறினால் டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிமிடம் இழந்த கோட்டையின் மிச்சமும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் உண்டு. குரங்குகள் உங்கள் பையைத் திறக்கும். உணவை வெளியே காட்டாதீர்கள். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கத் துடுப்புப் படகு. நிலா முழுதாக இல்லாத, மழை விட்ட இரவாக இருந்தால் பெரெம்பாங் மரங்கள் ஒரே தாளத்தில் மின்னுவது தெளிவாகத் தெரியும். கேமரா வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.

பருவம், புகை, சுவர்

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை வலுக்கும். மழையில்லாத நீண்ட வறட்சி வந்தால் வேறு தொல்லை: வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காடுகள், ராஜா மூசா காப்புக்காடு உட்பட, மண்ணுக்கடியிலேயே புகைந்து எரியும். காற்றில்லாத இரவில் அந்தப் புகை சன்னலை மூடிய சிமெண்டு வீட்டைவிடப் பலகை வீட்டுக்குள் சீக்கிரம் நுழையும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்பும் முன் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியை வைக்கும் முன் சுவரைப் பாருங்கள். பலகையில் மண்கோடு ஏறியிருந்தால் கறையான் உயிரோடு இருக்கிறது. தரைப்பலகையை ஓரத்தில் மிதித்துப் பாருங்கள். அமுங்கினால் கட்டிலை அங்கே போட வேண்டாம். கூரையிலோ மறைப்பிலோ சாம்பல் நிற அலைத்தகடு உடைந்து நொறுங்கியிருந்தால் அது பழைய கல்நார்த் தகடாக இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. முழுசாக இருக்கும் தகட்டைத் தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு; உடைந்த அறையில் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். வேறு அறை கேளுங்கள்.

எந்த வீடு காப்பாற்றப்படுகிறது

பழைய வீடுகளை விருந்தினருக்காகப் புதுப்பிப்பது உலகெங்கும் நடக்கிறது. இத்தாலியில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிகள் தம் பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்க வழி செய்தது. 1976இல் ஃப்ரியூலியை நிலநடுக்கம் தாக்கிய பிறகு, காலியான கிராமத்தின் சிதறிய வீடுகளையே ஒரே விடுதியின் அறைகளாக நடத்தும் யோசனை அங்கே பிறந்தது. அப்ருட்சோ மலைமேல் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ என்ற ஊரில் ஏழை இடையரின் கல்வீடுகளை விடுதியாக்கியபோது, அடுப்புப் புகையில் கறுத்த சுவரை வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டார்கள். மத்தேராவின் குகை வீடுகளில் வறுமையில் கிடந்தவர்களை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளியேற்றினார்கள். 1993இல் அதே குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இன்று அங்கே அறைவாடகை அதிகம். ஏழைகளின் வீடும் காக்கத் தகுந்தது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். அந்த ஏழைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் பக்கம் வாருங்கள். செட்டிநாட்டில் காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம் போன்ற வீடுகள் அருமையாகப் புதுப்பிக்கப்பட்டு விருந்தினரை ஏற்கின்றன. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இறங்கிய அந்த வீடுகளுக்குப் பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த வட்டிக்கடைத் தொழிலிலிருந்தும் பணம் வந்தது. இலங்கை மலைநாட்டில் 2005 முதல் டீ டிரெயில்ஸ் என்ற பெயரில் துரைமார் பங்களாக்கள் சொகுசு விடுதிகளாக நடக்கின்றன. அவற்றில் டியன்சின் பங்களா 1888இல் கட்டியது. அந்த மலைச்சரிவுகளின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் நெரிசலில் வாழ்கின்றன. கடன் கொடுத்தவர் வீடும் துரை வீடும் மிஞ்சுகின்றன. பால் வெட்டியவர் வீட்டைக் காக்க யாரும் முன்வருவதில்லை. மொரிஷியசின் போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்த ஒரு முன்மாதிரி நமக்குப் போதும்.

லயத்தைக் காப்பாற்றச் சொல்வது, அதில் தொழிலாளரை இன்னும் வைத்திருக்கச் சொல்வது அல்ல. உலு சிலாங்கூர்ப் பக்கத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுக்கு மேல் போராடினார்கள். அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2023இல் தென்னமரம் தோட்டத்து நிலத்தில் தொடங்கியது. மனிதருக்கு முதலில் நல்ல வீடும் நிலப்பட்டாவும். அவர்கள் புது வீட்டுக்குப் போன பிறகு, வெறுமையாகும் பழைய வரிசைகளில் ஒன்றை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டால், அங்கே பேரப்பிள்ளைகள் ஓரிரவு படுத்தெழ முடியும். அதற்கு உரிய கூலியை அந்தத் தோட்டத்துப் பெண்களே சமைத்தும் கதை சொல்லியும் பெற முடியும்.

ஒரு வரிசையைக் காக்க முன்வருவோருக்கு

சங்கமோ கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் குழுவோ இதில் இறங்கினால், வேலை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். கட்டடத்தின் நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்வரை போடும் ஒவ்வொரு ஆணியும் அவர்களுடையதாகிவிடும். ஆகவே எழுத்துமூலக் குத்தகையோ, கோயில் நிலத்துக்கோ பள்ளி நிலத்துக்கோ கட்டடத்தை மாற்றும் அனுமதியோ முதலில் வாங்குங்கள். மாற்றுவது நடக்காத காரியமல்ல. கெடாவில் இருந்த பெங்ஹூலு அபு செமான் வீட்டைப் பிரித்தெடுத்து, கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். மர வீட்டின் பெரிய வசதி அதுதான்: சுவரை இடிக்காமல் கழற்றலாம்.

கழற்றும் முன் அளவெடுங்கள். அறையின் நீள அகலம், தூணுக்குத் தூண் இடைவெளி, கூரையின் சரிவு, சன்னல் திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதி, அதே எண்ணை வரைபடத்திலும் குறியுங்கள். அந்த அறையில் வாழ்ந்தவர் யாராவது இருந்தால் அந்த நாளில் அழைத்து வாருங்கள். அடுப்பு எங்கே, சாமிப்படம் எந்த மூலை, விளக்கு மாட்டிய ஆணி எது, பால்வாளி எங்கே கவிழ்ந்திருக்கும் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞருக்கு இவை தெரியாது.

மறுபடி நிறுத்தும்போது தூணின் கால் மண்ணைத் தொடக் கூடாது. கல்லின் மேலோ கான்கிரீட் பீடத்தின் மேலோ வைத்து, நடுவில் உலோகத் தகடு போட்டால் கறையான் ஏறுவது தடைபடும், ஏறினாலும் கண்ணில் படும். அழுகிய பலகையை மட்டும் மாற்றுங்கள். முழுச் சுவரையும் புதுப் பலகையாக்கிவிட்டால் காக்க ஒன்றும் மிஞ்சாது. மின்கம்பியைப் பழைய வழியில் இழுக்க வேண்டாம், முழுவதும் புதிதாகப் போடுங்கள். கழிப்பறையையும் குளியலறையையும் பின்னால் தனிக் கட்டடமாகக் கட்டிக் கூரைபோட்ட நடைபாதையால் இணைத்தால் வீட்டின் உருவம் கெடாது, வயதானவர் நனைய வேண்டியதுமில்லை. கல்நார்த் தகடு இருந்தால் சங்கத்து இளைஞர்களை ஏற்றிக் கழற்ற விடாதீர்கள். பதிவு பெற்ற ஆட்களிடம் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் முதல் செலவு கூரை. கையில் ஆறு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சாயத்தையும் கதவையும் தள்ளிவைத்துவிட்டு, அக்டோபர் மழைக்கு முன் தகரத்தை மாற்றி, தண்ணீர் வடியும் தாழ்வாரத்தைச் சரிசெய்துவிடுங்கள். ஒரு மழைக்காலம் ஒழுகினால் அடுத்த ஆண்டு எண்ணெழுதிக் கழற்றப் பலகையே இருக்காது.